உண்ணாமலை பார்த்த பள்ளிவாசல்

வெண்ணந்தூரில் உண்ணாமலை அளவுக்கு ஊர் சுற்றியவர்கள் யாரும் கிடையாது. காசி, பூரி, ஹரித்துவார், துவாரகை, ஆக்ரா, டில்லி என்று அவள் போகாத திசை இல்லை. போன ஊர்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னால் அவளுக்கே மூச்சு வாங்கும். ஆனால் அதில் ஒரு ஊரையாவது பார்த்திருக்கிறாளா என்றால், இல்லை.

உண்ணாமலை டூர் பஸ்ஸின் சமையல்காரி. பஸ் போய் நின்றதும் பயணிகள் கோயிலைத் தேடி நடப்பார்கள். இவள் தண்ணீர்க் குழாயைத் தேடி நடப்பாள். அவர்கள் தரிசனம் முடித்துப் பசியோடு திரும்பும்போது சோறு வடித்து, சாம்பார் கொதித்து, அப்பளம் பொரிந்திருக்க வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரங்களைக் கழுவி, டிக்கியில் அடுக்கி, சிலிண்டரைக் கயிறு போட்டு இறுக்குவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவான். பஸ் நகர்ந்தால் கடைசி சீட்டில் கால் நீட்டிப் படுத்துவிடுவாள். கண் விழித்தால் அடுத்த ஊர், அடுத்த குழாய்.

அதனால் இந்தியா முழுவதும் அவளுக்குப் பார்க்கிங்காகவே தெரியும். பூரி என்றால் மணல், அடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். ஹரித்துவாரில் தண்ணீர் கையை வெட்டும், உலை கொதிக்கவே கொதிக்காது. ஆக்ராவில் துவரம்பருப்பு வேகாது. ஆக்ராவில் தாஜ்மகால் என்று ஒன்று இருப்பதும் அவளுக்குத் தெரியும். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அது தெரியாது, அவ்வளவுதான்.

இதற்காக அவள் மனம் நொந்து கிடந்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் ஆண்டியோடு சேர்ந்து விசைத்தறி ஓட்டியவள் அவள். தறிச் சத்தத்தில் பேசிப் பேசிக் குரல் உயர்ந்துபோய், வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருமுனைவரை கேட்கும். மாரியம்மன் பண்டிகைக்கு ஒருமுறை ஊருக்கே பொதுவில் சமைத்தாள். சேலம் சூரமங்கலத்தில் டூர் நடத்தும் சென்னிமலை அன்றைக்கு யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், பந்தியில் உட்கார்ந்து அந்த ரசத்தை மூன்றாம் தடவையும் வாங்கிக் குடித்துவிட்டு, கை கழுவாமல் நேராக அடுப்படிக்கு வந்து நின்றார்.

"அக்கா, காசிக்கு வாரீங்களா?"

"வாரேனுங்க" என்றாள் உண்ணாமலை, யோசிக்காமலேயே. ஆண்டியிடம் அப்புறம்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து இந்த வேலைதான். ஊர் திரும்பினால் பாவு போடும் பெண்கள், நூல் சுற்றும் பெண்கள் எல்லாம் வாசலில் கூடிவிடுவார்கள். தாஜ்மகால் எப்படி இருந்தது, கங்கை எப்படி இருந்தது என்று கேட்பார்கள். உண்ணாமலை சளைக்காமல் சொல்வாள். "வெண்ணெயத் தெரட்டி நெலா வெளிச்சத்துல வெச்சாப்பல இருக்குமாயா" என்பாள். அது பஸ்ஸில் வந்த ஒரு டீச்சர் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னது. "அந்தப் படித்துறைல நின்னா மனசு கழுவி உட்டாப்பல ஆயிரும்" என்பாள். அது எடப்பாடியிலிருந்து வந்த ஒருவர் சொன்னது. எல்லோரும் வாய் பிளந்து கேட்பார்கள். ஆண்டிக்கு மட்டும் சங்கதி தெரியும். அவன் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தனக்குள் சிரித்துக்கொள்வான்.

இந்த வருஷம் மாசி மாதம் ஒரு டூர் கிளம்பியது. மந்திராலயம், தத்தாத்ரேயர் கோயில் உள்ள காணகாபூர், பண்டரிபுரம், சீரடி. சேலம் ஜங்ஷன் பக்கத்திலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் பாதிப் பேர் சேலத்துக்காரர்கள், மீதி ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஆட்கள். முதல் நாள் காலையிலேயே ஒருவர் உண்ணாமலைக்குப் பழக்கமாகிவிட்டார். சின்னண்ணன் என்று பெயர். ராசிபுரத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். பெரிய உருவம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய பசி. இவள் பெயரைக் கேட்டதும், கையில் பொங்கல் தட்டோடு பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ஏனுங்க, இந்தப் பேர யாருங்க வெச்சது? இந்தம்மா சமைச்சா எந்த மலையும் உண்ணாம இருக்காதுங்க!"

பஸ்ஸே சிரித்தது. உண்ணாமலையும் சிரித்து அவருக்கு இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள்.

இன்னொருத்தி ஜோதி. சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தனியாக வந்திருந்தாள். எந்த ஊரில் இறங்கினாலும் தொல்லியல் துறை வைத்த நீலப் பலகை எங்கே என்று தேடிப் போய், அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நின்று படித்துவிட்டுத்தான் மேலே நகர்வாள். அவளுக்காக பஸ் காத்து நிற்பது வழக்கமாகிவிட்டது.

மந்திராலயம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காணகாபூருக்குப் போகும் வழியில் குல்பர்கா. இப்போது கலபுரகி என்று சொல்கிறார்கள். ஊருக்குள் பழைய கோட்டை ஒன்றின் அருகே ஓரங்கட்டி, எல்லோருக்கும் உப்புமாவும் தேங்காய்ச் சட்னியும் கொடுத்து முடித்தாள் உண்ணாமலை. பாத்திரங்கள் டிக்கியில் ஏறிவிட்டன. பெரிய சாம்பார்க் கரண்டி ஒன்றில் மட்டும் பிசுக்கு போகவில்லை என்று அதை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சந்துக்குள் இருந்த குழாய்க்குப் போனாள்.

அந்த நேரத்தில் டிரைவர் இளவழகன் வண்டியைக் கிளப்பப் பார்த்தான். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. இறங்கி அடியில் படுத்துப் பார்த்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தான்.

"அண்ணா, கிளட்ச் போயிருச்சுங்க."

சென்னிமலை தலையில் கை வைத்தார். ஆனால் அவருக்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு. போர்வெல் போடும் ரிக் வண்டிகளோடு திருச்செங்கோட்டுக்காரர்கள் போகாத மாநிலம் ஏது? குல்பர்காவிலும் அவர்களுக்கு ஒரு பட்டறை இருந்தது. போன் போட்டதும் கோகுல்ராஜ் என்ற மெக்கானிக் ஒரு ரிக் லாரியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"இங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்கண்ணா. பட்டறைக்கு இழுத்துட்டுப் போயி கியர் பாக்ஸ எறக்கோணும். சாயங்காலம் ஆயிரும்" என்றான்.

பயணிகள் எல்லோரும் இறங்கினார்கள். கோட்டையைச் சுற்றிப் பாருங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஹோட்டல் சொல்லிவிடுகிறேன் என்று சென்னிமலை கும்பிடாத குறையாகச் சொன்னார். உண்ணாமலை வழக்கம்போலக் கடைசி சீட்டில் தூங்குகிறாள் என்று அவரும் நினைத்தார், இளவழகனும் நினைத்தான். சென்னிமலையும் ஏறிக்கொள்ள, லாரி இழுக்க, பஸ் ஆடிக்கொண்டே கிளம்பியது.

குழாயடியில் குடங்களின் வரிசை நீளம். தன் முறை வரும்வரை காத்திருந்து, கரண்டியைப் பளபளவென்று விளக்கிக்கொண்டு உண்ணாமலை ரோட்டுக்கு வந்து பார்த்தால், பஸ் கோட்டைச் சுவரோரமாகத் திரும்பி மறைந்துகொண்டிருந்தது.

"அய்யோ, என்ற அண்டா! என்ற அண்டா போகுது!" என்று கத்தினாள். தறியோடு போட்டிபோட்டு வளர்ந்த குரல். ரோட்டில் போன ஆட்டோ ஒன்று தானாகவே நின்றது.

ஜோதி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "எங்கயும் போவல உண்ணாமலை. ரிப்பேருக்குப் போகுது. சாயந்தரம் வந்துரும்."

"அப்ப மதியத்துக்கு? அரிசி களையோணுமுங்களே."

"அரிசி பஸ்ஸோட போயிடுச்சு."

"காயாவது நறுக்கி..."

"காயும் போயிடுச்சு."

"அடுப்பு?"

"உன்னயும் அந்தக் கரண்டியயும் தவிர எல்லாமே போயிடுச்சு. வா, உள்ள ஒரு பள்ளிவாசல் இருக்குதாம், அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம். பாத்துட்டு வரலாம்."

"நானுங்களா? நான் எதுக்குங்கக்கா?"

ஜோதிக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. "எல்லாரும் எதுக்குப் பாக்கறாங்களோ அதுக்குத்தான்" என்றாள்.

உண்ணாமலைக்குக் கால் நகரவில்லை. இத்தனை வருஷத்தில் பகல் பொழுதில் கை சும்மா இருந்தது கிடையாது. இரண்டு கைகளும் ஏதோ கழற்றி மாட்டியவை போலத் தொங்கின. நல்ல வேளையாக ஒன்றில் கரண்டி இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு, ஜோதிக்குப் பின்னால் நடந்தாள்.

கோட்டை வாசல் தாண்டி உள்ளே போகையில் இடுப்பில் இருந்த போன் அடித்தது. ஆண்டி. தறிக்கு நூல் மாற்றும் இடைவெளியில் தினமும் இந்த நேரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான்.

"என்ன பண்ணீட்டிருக்கற?"

"சும்மாதான் இருக்கறேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு தறியின் சத்தமும் சட்டென்று நின்றது. அவன் ஓடி சுவிட்சை அணைத்திருக்கிறான்.

"என்னாச்சு? ஒடம்புக்குச் செரியில்லையா? காச்சலா? சென்னிமலைகிட்ட போனக் குடு."

"அட, ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸு ரிப்பேரு. நான் பள்ளிவாசல் பாக்கப் போறேன்."

"நீயா?"

"நாந்தான்."

அந்தப் பக்கம் ஆண்டி சிரிக்கிற சத்தம் கேட்டது. "போ, போ. நல்லாப் பாத்துட்டு வா. மத்தவீங்க சொல்றதக் கேட்டுச் சொல்லாத, இந்தத் தடவ உன்ற கண்ணாலயே பாத்துட்டு வந்து சொல்லு" என்று வைத்துவிட்டான்.

பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். ஜோதி புடவைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ள, உண்ணாமலையும் அப்படியே செய்தாள். கரண்டியை என்ன செய்வது? கோயிலுக்குள் எதை எடுத்துப் போகலாம், எதை எடுத்துப் போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். இங்கே என்ன வழக்கமோ? செருப்புக்குப் பக்கத்தில் வைக்கவும் மனம் வரவில்லை. சோற்றில் படுகிற சாமான் அது. வாசலில் நின்ற காவலாளி அவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, கரண்டியை வாங்கித் தன் நாற்காலியின் மேல் பத்திரமாக வைத்தார். தான் நின்றுகொண்டார்.

உள்ளே கால் வைத்ததும் முதலில் குளிர்ச்சிதான் தெரிந்தது. வெளியே மாசி வெயில் இப்போதே சித்திரை மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கிணற்றடியில் நிற்பது போலிருந்தது. பிறகுதான் கண் பழகியது. பெரிய பெரிய வெள்ளைத் தூண்கள். ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு வளைவு. அந்த வளைவுக்குள் தெரிந்தது இன்னொரு வளைவு, அதற்குள் மேலும் ஒன்று. எங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. முற்றம் என்று திறந்த இடமே இல்லை, முழுக்கக் கூரை. அண்ணாந்து பார்த்தால் அண்டாவைக் கவிழ்த்து வைத்தது போல ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குவிமாடம்.

ஜோதி வெளியே பலகை படிக்கப் போய்விட்டாள். உண்ணாமலை தனியாக நின்றாள். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பயணிகள் பேசுவதைக் கேட்டே பழகியவள் அவள். அவர்கள் பேச்சில் எப்போதும் ஒரு வரிசை இருக்கும், தள்ளுமுள்ளு இருக்கும், "நகரு நகரு" என்று ஓர் ஆள் இருப்பார், கடைசியில் ஒரு நொடி தரிசனம் இருக்கும். இங்கே வரிசை இல்லை. நகரச் சொல்ல ஆளும் இல்லை. கடைசியில் போய் நிற்க வேண்டிய இடம் எது என்றும் புரியவில்லை. மெதுவாக ஒரு தூணைச் சுற்றி வந்தாள். பிறகு அடுத்த தூணை. அங்கங்கே கொஞ்சம் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு புறா மேலே சிறகடித்தது. அந்தச் சத்தம் வளைவு வளைவாக உருண்டு போய்த் தூரத்தில் அடங்கியது.

ஜோதி பலகை படித்துவிட்டு வந்து சேர்ந்தாள்.

"ஏனுங்கக்கா, இங்க சாமி எங்கீங்க இருக்குது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள் உண்ணாமலை. அவளுடைய தாழ்ந்த குரல் மற்றவர்களின் சாதாரணக் குரல்.

"உருவம் கெடையாது உண்ணாமலை. அதோ மேற்குப் பக்கம் சுவத்துல மாடம் மாதிரி தெரியுது பாரு, அந்தத் திசையப் பாத்து நின்னு தொழுவாங்க. எந்தத் தூணுகிட்ட நின்னாலும் ஒண்ணுதான்."

உண்ணாமலை கொஞ்ச நேரம் அதை யோசித்தாள். எங்கே நின்றாலும் ஒன்றுதான் என்றால், வந்து சேர்ந்தாயிற்று என்றுதானே பொருள். அவளுக்கு அது பிடித்திருந்தது. நின்ற இடத்திலேயே கையைக் கூப்பிக்கொண்டாள்.

"அப்ப, பாத்து முடிஞ்சுதுன்னு எப்படிங்கக்கா தெரியும்?"

ஜோதி இதற்குச் சிரித்துவிட்டாள். "பசிச்சாத் தெரியும்."

சற்றுத் தள்ளி சின்னண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலேயே பார்த்து நின்றார். கோட்டை வாசலில் இறங்கியபோது, குரு தரிசனத்துக்கு வந்த நாம் இங்கே எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டு இருந்தவர்தான் அவர். வெயில் தாங்காமல் உள்ளே ஒதுங்கியவருக்கு இப்போது வெளியே வர மனமில்லை.

"எத்தன அகலம் பாருங்க இந்த வளைவு. இரும்பு இல்ல, சிமிட்டி இல்ல. ஒரு ஃபேன் கெடையாது. எப்படிக் குளுந்து கெடக்குது!" என்றார். பிறகு துக்கத்தோடு, "நம்ம பண்ணைல தண்ணியப் பீச்சிப் பீச்சி அடிச்சாலும் வெயில் காலத்துல கோழி வாயப் பொளந்துருதுங்க" என்றார்.

"பள்ளிவாசலுக்கு வந்தும் கோழி நெனப்புதானா?" என்று கேட்டாள் ஜோதி.

"கெட்டிக்காரங்க கட்டுன எடத்துக்கு வந்தா நம்ம ஊட்டுக் கொறை நெனப்புக்கு வரத்தானுங்க செய்யும்" என்றார் சின்னண்ணன், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அவர்களை விட்டு உண்ணாமலை உள்ளே உள்ளே நடந்தாள். ஓரிடத்தில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து கோட்டை பார்க்க வந்தவர்கள் போலிருந்தார்கள். அதில் இவள் வயதொத்த ஒரு பெண், வாயைத் திறந்தபடி அண்ணாந்து நிற்கும் உண்ணாமலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இந்தியில் ஏதோ கேட்டாள். எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

உண்ணாமலைக்கும் இந்தி தெரியும். ஆனால் அவள் கற்றதெல்லாம் காய்கறிச் சந்தையில். உருளைக்கிழங்கு என்ன விலை, வெங்காயம் அழுகியிருக்கிறது, போட்டுக் கொடு, இது வேண்டாம் அது வேண்டும் – இவ்வளவுதான். அழகாக இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு ஒரு சொல்கூட இல்லை. கத்தரிக்காய்க்காரனிடம் அழகைப் பற்றி யார் பேசுகிறார்கள்? மனதுக்குள் தேடித் தேடிப் பார்த்தாள். நல்ல தக்காளியைப் பார்த்தால் அவள் சொல்கிற ஒன்று அகப்பட்டது. வளைவுகளையும் குவிமாடத்தையும் கையால் சுற்றிக் காட்டி, முழுமனதோடு சொன்னாள்:

"அச்சா மால்!"

நல்ல சரக்கு.

அந்தப் பெண் ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் குடும்பத்தாரிடம் திரும்பி அதையே சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். "அச்சா மால்" என்பது வளைவுக்கு வளைவு ஓடித் திரும்பி வந்தது. தான் எதையோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று உண்ணாமலைக்குப் புரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை என்பதும் புரிந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடிந்தபோது அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து, "மெகபூபி" என்றாள். இவளும் கை வைத்து, "உண்ணாமலை" என்றாள். அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்து மெகபூபியின் நாக்கு சுளுக்கிக்கொண்டது. அதற்கும் ஒருமுறை சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் காவலாளி கரண்டியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். மெகபூபி கரண்டியைப் பார்த்தாள், உண்ணாமலையைப் பார்த்தாள். சமையலா என்று கையாலேயே கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள் உண்ணாமலை. பஸ்ஸைக் காட்டக் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பினாள், நிறைய ஆட்கள் என்று விரல்களைக் குவித்து விரித்தாள், எல்லாம் போயிற்று என்று கையை உதறினாள். மெகபூபிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவள் கையைப் பிடித்துத் தரதரவென்று கோட்டைக்குள் இருந்த வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே துணி விரித்து மூட்டையை அவிழ்த்தார்கள். அடுக்கு அடுக்காகச் சோள ரொட்டி, எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய், ஏதோ சிவப்பாக ஒரு பொடி, தயிர், பச்சை வெங்காயம். உண்ணாமலை பழக்க தோஷத்தில் கரண்டியை எடுத்துப் பரிமாறப் போனாள். மெகபூபி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். ரொட்டியைப் போட்டு, அதன் மேலேயே கத்தரிக்காயை வைத்து, பொடியைத் தூவி, தயிரை ஊற்றி அவள் கையில் கொடுத்தாள்.

உண்ணாமலை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். டூரில் அவள் சாப்பிடுவது எப்போதும் கடைசியில், நின்றபடி, பாத்திரத்தின் அடியில் இருப்பதைச் சுரண்டி. அதில் அவளுக்குக் குறை ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒருவர் உட்கார வைத்துப் போடும் சாப்பாடு வேறுதான். முதல் கவளம் உள்ளே போனதும் பேச்சு வந்துவிட்டது.

"நம்மூரு சோளந்தானுங்களே இது! இந்தப் பொடியில நெலக்கடலை. பூண்டு. வரமெளகா. அப்பறம் என்னமோ ஒண்ணு..."

எப்படித் தட்டுகிறீர்கள் என்று உள்ளங்கையைத் தட்டிக் காட்டிக் கேட்டாள். மெகபூபி காற்றிலேயே மாவு உருட்டி, காற்றிலேயே தட்டிக் காட்டினாள். உண்ணாமலையும் தட்டிப் பார்த்தாள். இல்லை இல்லை, இப்படி என்று மெகபூபி அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வெறுங்கையைத் தட்டிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, ஏதோ விளையாட்டு என்றுதான் தோன்றியிருக்கும்.

ஜோதி அதை போனில் படம் பிடித்தாள். இத்தனை டூர்களின் குரூப் போட்டோக்களில் ஒன்றில்கூட உண்ணாமலை இல்லை. எல்லோரும் வரிசையாக நிற்கும்போது அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்பாள். அந்த வேப்பமரத்தடிப் படம்தான் அவளுடைய முதல் டூர் படம். வாசனை பிடித்து சின்னண்ணனும் வந்துவிட்டார். சற்றுத் தள்ளி நின்று மீசையைத் தடவிக்கொண்டு, "ஏனுங்க அம்மிணி, நமக்கும் ஒரு ரொட்டி கெடைக்குமுங்களா?" என்றார். அவர் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அவருக்கு இரண்டு கிடைத்தன.

பொழுது சாயும் நேரத்தில் பஸ் தானாகவே ஓடி வந்தது. பட்டறையில்தான் அவர்களுக்கு விஷயம் தெரிந்ததாம், கடைசி சீட்டில் உண்ணாமலை இல்லை என்று. சென்னிமலை பதறி இறங்கினார்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. ஒங்கள இப்படி நடு ரோட்டுல உட்டுட்டுப் போயிட்டமே."

உண்ணாமலை முதலில் டிக்கியைத் திறந்து அண்டாவைப் பார்த்தாள். சேதமில்லை. அப்புறம் திரும்பி, "மன்னிக்கறதெல்லாம் கெடக்கட்டுமுங்க. எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள்.

"சொல்லுங்கக்கா."

"இனிமேல்பட்டு எந்த ஊருக்குப் போனாலும் நானும் உள்ள போயிப் பாப்பேன். கோயிலோ, பள்ளிவாசலோ, கோட்டையோ. என்னைய உட்டுட்டுப் பஸ்ஸு கெளம்பக் கூடாது."

சென்னிமலை தலையைச் சொறிந்தார். "பாக்கலாமுங்க. ஆனா சமையல யாரு பாக்கறது? எல்லாரும் பசியோட வருவாங்களே."

இந்த இடத்தில் பஸ் படியில் நின்றிருந்த சின்னண்ணன் குரல் கொடுத்தார். "நாங்க வெங்காயம் உரிச்சுத் தாரமுங்க. காய் நறுக்கித் தாரம். எத்தன கை இருக்குது இந்த பஸ்ஸுல! அந்தம்மா போயிப் பாத்துட்டு வரட்டும்."

"உங்க பண்ணையில உள்ள கோழிக்கே நீங்க தீனி போடறதில்லையாமே" என்றாள் ஜோதி. இருந்தாலும் முதலில் கை தூக்கியது அவள்தான்.

சொன்னபடியே செய்தார்கள். பண்டரிபுரத்தில் விடிகாலையிலேயே பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து ஒரு கூட்டம் உட்கார்ந்துவிட்டது. சின்னண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டு வெங்காயம் உரித்தார். அவருக்கு அவ்வளவு கண்ணீர் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உண்ணாமலை குளித்து, பெட்டியின் அடியில் எப்போதும் மடிப்புக் கலையாமல் கிடக்கும் பச்சைப் பட்டுப் புடவையை உடுத்திக்கொண்டு, மற்றவர்களோடு வரிசையில் போய் நின்றாள்.

வெண்ணந்தூர் திரும்பியதும் வழக்கம்போல வாசலில் கூட்டம் கூடியது. நூல் சுற்றும் ரஞ்சிதா முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பள்ளிவாசலுக்குப் போனீங்களாமா? ஆண்டியண்ணன் சொன்னாரு. எப்படி இருந்துச்சு?"

உண்ணாமலை வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. தாஜ்மகாலைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடியவள். வெண்ணெய், நிலா எல்லாம் தயாராக இருக்கும். இதற்கு எதுவும் தயாராக இல்லை. கண்ணை மூடினால் வளைவுக்குள் வளைவாக எல்லாம் தெரிகிறது. உள்ளங்காலில் அந்தத் தரையின் குளிர்ச்சிகூடத் தெரிகிறது. அதை எடுத்து வெளியே வைக்க வழி தெரியவில்லை.

"உள்ள போனா... குளுகுளுன்னு இருந்துச்சாயா" என்றாள். பிறகு, "பெருசு" என்றாள். இன்னும் கொஞ்சம் யோசித்து, "எங்க நின்னாலும் ஒண்ணுதானாமா" என்றாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதானா என்பது போல ரஞ்சிதா உதட்டைப் பிதுக்கினாள். ஆண்டி தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நிலையில் சாய்ந்து நின்றான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"பாத்துட்டா பாரு" என்றான். "அதான் பேச்சு வரல."

பெண்கள் கலைந்து போன பிறகு, அவனுக்கு மட்டும் அவள் மெதுவாகச் சொன்னாள். அரைகுறையாக, திரும்பத் திரும்ப, கையால் வளைவு போட்டுக் காட்டி. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அன்று சாயங்காலம் அவள் சோள மாவு பிசைந்து ரொட்டி தட்டினாள். முதல் நான்கும் பிய்ந்து போயின. ஐந்தாவது ஏதோ ஒரு வடிவத்தில் வந்தது. ஆண்டி எல்லாவற்றையும் சாப்பிட்டான்.

அடுத்த டூர் ஹைதராபாத், பீதர் பக்கம். சென்னிமலை நோட்டீஸ் அடித்தபோது, பயணிகள் சமையலுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்ய வேண்டியிருக்கும் என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். ஆள் குறையும் என்று அவர் பயந்தார், குறையவில்லை. ஜோதி மறுபடியும் வந்தாள். சார்மினார் பக்கத்தில் இருக்கும் பெரிய பள்ளிவாசலுக்கு உண்ணாமலையும் ஜோதியும் மற்றவர்களோடு கிளம்பினார்கள். கொதிக்கிற சாம்பாரை அன்று இளவழகன் பொறுப்பில் விட வேண்டியதாயிற்று. என்னென்ன, எப்போது, எவ்வளவு என்று உண்ணாமலை அவனுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். அவனும் எல்லாவற்றுக்கும் "செரிங்கக்கா" என்றான்.

பள்ளிவாசல் முற்றத்தில் நூற்றுக்கணக்கான புறாக்கள். உண்ணாமலை எல்லோருக்கும் கடைசியாகத் திரும்பி வந்தாள். வாயெல்லாம் சிரிப்பு. பந்தி விரிந்திருந்தது. இலை முன்னால் உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். உப்பே இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பேரும் தலையைக் குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல், ரொம்ப ருசியாக இருப்பது போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.